கொடுத்தபின் யாருடையது?

மத்ரஸாவில் ஜக்காத்துப் பாடம் நடக்கும்போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் ஒரு கேள்வியை எழுப்புவர். செல்வர் ஒருவர் தம் ஜக்காத்துப் பணத்தைக் கொண்டு பத்துப் பதினைந்து ஏழைகளை அழைத்து, பந்தி விரித்து, வயிறார உண்ணவைத்து அனுப்பிவிட்டால் அவருடைய கடமை தீர்ந்ததா என்பதே அக்கேள்வி. தீரவில்லை என்பது ஹனபீ மத்ஹபின் சட்டம். அதே சோற்றைப் பாத்திரத்தில் இட்டு, "இது உம்முடையது" என்று ஏழையின் கையில் ஒப்படைத்துவிட்டாலோ தீர்ந்துவிடும். அதே அரிசி, அதே குழம்பு, அதே பசி. பிறகு வேறுபாடு எங்கே இருக்கிறது என்று இளைஞர்கள் புருவத்தை நெரிப்பார்கள்.

வேறுபாடு இலையில் இல்லை, உரிமையில் இருக்கிறது. பந்தியில் அமர்ந்தவன் உண்பதற்கு அனுமதி பெற்றவன் மட்டுமே. பாதியை எடுத்துச் சென்று வீட்டிலுள்ள பிள்ளைக்கு ஊட்ட அவனுக்கு உரிமையில்லை. தனக்கு வேண்டாமென்று அண்டை வீட்டானுக்கு ஈயவும் உரிமையில்லை. இதனை 'இபாஹத்' என்பர் பிக்ஹுக் கலை வல்லார். கையில் பெற்றவனோ உடைமையாளன். உண்ணலாம், விற்கலாம், ஈயலாம், நாளைக்கென்று எடுத்து வைக்கலாம். கொடுத்தவர் அதன்பின் ஒரு சொல்லும் சொல்ல இயலாது. இதற்குப் பெயர் 'தம்லீக்', அதாவது உடைமையாக்கிக் கொடுத்தல். ஜக்காத்துக்கு இபாஹத் போதாது, தம்லீக் வேண்டும் என்பது இமாம்களின் தீர்ப்பு. ஃபித்ரா தருமத்தில் தானியத்துக்குப் பதிலாக அதன் விலையைக் கொடுக்கலாம் என்று அம்மத்ஹபினர் கூறுவதற்கும் காரணம் ஏறக்குறைய இதுவே. ஏழைக்கு இன்று கோதுமை வேண்டுமா, துணி வேண்டுமா, மருந்து வேண்டுமா என்பது ஏழைக்குத்தானே தெரியும்!

முப்பதாண்டுகளுக்கு முன் உஸ்தாதிடம் ஓதிய இப்பாடத்தின் முழுப்பொருளை நாம் உணர்ந்தது மத்ரஸாத் திண்ணையில் அன்று. நெல்லை மாவட்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த அரசு நலத்திட்ட முகாமில்தான் உணர்ந்தோம்.

நம் தங்கையின் மகனுக்கு இப்பொழுது வயது நாற்பத்து மூன்று. ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு வலக்கால் சூம்பிற்று. காலிப்பர் அணிந்து, கம்பு ஊன்றி நடப்பான். நம் நாட்டில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 2011ஆம் ஆண்டு சனவரியில், மேற்கு வங்கத்துக் குழந்தை ஒன்றிடத்தில். 2014ஆம் ஆண்டு மார்ச்சில் இந்தியா அந்நோயினின்றும் விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. இனி இக்காலோடு பிறர் யாரும் வளரவேண்டியதில்லை என்பது பேரருள். ஆனால் அவனைப் போல முந்திப் பிறந்துவிட்டவர்கள் இன்னும் நெடுங்காலம் நம்மிடையே வாழ்வார்கள். மேலப்பாளையத்துக் கடைத்தெருவில் ஒரு கடையின் ஓரத்தில் மேசை போட்டுக் கைப்பேசிகளைப் பழுதுபார்த்து வருகிறான் அவன். அத்தொழிலை அவனுக்கு எவரும் கற்றுத்தரவில்லை. பழுதான கருவிகளைப் பிரித்துப் பிரித்துத் தானே கற்றுக்கொண்டது.

முகாமுக்கு நாமும் உடன் சென்றோம். காலை எட்டு மணிக்கே வில்லைச் சீட்டு. மேடையில் மாலைகள், கீழே நீண்ட வரிசை. சக்கர நாற்காலியில் வந்த ஒரு மூதாட்டியை மண்டபத்தின் ஐந்து படிகளுக்கு மேல் நான்கு பேர் தூக்கி வைத்தனர். ஊனமுற்றோர் முகாமுக்குப் படிக்கட்டு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவரை நாம் காணவில்லை. மூன்று மணி நேரம் கழித்து நம் மருமகனின் பெயர் அழைக்கப்பட்டது. மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் ஒன்று அவனுக்கு வழங்கப்பட்டது. படம் எடுத்தார்கள், கைதட்டினோம்.

பள்ளிப் படிப்பை விட்ட காலத்தில் ஆறு மாதத் தையல் பயிற்சிக்கு அவன் போயிருந்தான் என்பது உண்மை. அக்காலத்தில் அவனைப் போன்றோருக்கென்று அங்கிருந்த ஒரே பயிற்சி அதுதான். சான்றிதழில் தையல் என்று இருந்ததனால் பட்டியலிலும் தையல் என்று ஏறிற்று. பழுதுபார்க்கும் கருவிகள் கிடைக்குமா என்று அவன் மெல்லக் கேட்டபொழுது, மேசைக்குப் பின்னிருந்த அலுவலர் பரிவோடுதான் பதில் சொன்னார்: "தம்பி, இதுதான் ஒதுக்கீடு. வேண்டாமென்றால் திரும்பிப் போய்விடும்." அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கையில் இருந்ததும் ஒரு பட்டியல்தான்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "மாமா, காலையிலேருந்து ஒனக்கு என்ன வேணும்னு என்கிட்ட கேட்டது ஒரே ஒரு ஆளுதான். டீ கொண்டுவந்த பையன். சீனி போடவா, வேண்டாமான்னு கேட்டான்."

அந்த இயந்திரம் இப்பொழுது தங்கையின் வீட்டில் ஜன்னலோரம் இருக்கிறது. மடித்த துணிகளை அதன்மேல் அடுக்கி வைக்கிறாள். விற்கலாமென்றால் அரசுப் பொருள், விற்றால் ஏதும் வருமோ என்ற அச்சம். ஆக, அது கொடுக்கப்பட்டும் கொடுக்கப்படவில்லை. அரசாங்கம் பந்தி விரித்தது. நம் மருமகன் உண்ண அனுமதிக்கப்பட்டான். அவ்வளவே.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அரசு உதவியை இகழ்வது நம் நோக்கமன்று. தமிழ்நாட்டில் இத்துறையில் நடந்திருப்பவை சிறியன அல்ல. கடுமையான உடற்குறை உடையோர், அறிவுத்திறன் குறைபாடுடையோர், தசைச்சிதைவு நோயுற்றோர், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் ஆகியோர்க்கு மாதந்தோறும் வழங்கப்பட்ட பராமரிப்பு உதவித்தொகை 2023 சனவரி முதல் ரூ. 1,500 என்பதிலிருந்து ரூ. 2,000 ஆக உயர்த்தப்பட்டது. இத்தொகை வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. அரிசி வாங்கினாயா, அத்தர் வாங்கினாயா என்று எவரும் கேட்பதில்லை. நம் மத்ரஸாச் சொல்லில் இது தூய தம்லீக். தொகை போதுமா என்றால் போதாது. பக்கவாதம் கண்டு படுத்திருப்பவரைக் காலையில் ஒரு மணி நேரம் வந்து குளிப்பாட்டிச் செல்லும் ஆளுக்கு நம் ஊர்க் கூலியைக் கணக்கிட்டால் மாதத்தில் பத்து நாளுக்கும் அது வராது. இருப்பினும் இருவகை உதவிகளுள் எது மனிதனை மனிதனாக நிறுத்துகிறது என்பதில் நமக்கு ஐயமில்லை.

சட்டமும் நம்மைவிட முன்னே போய்விட்டது என்றே சொல்லவேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொண்டது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2007 அக்டோபரில் இந்தியா ஏற்றுக்கொண்டபின் எழுந்த 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் இருபத்தொரு வகைகளைக் கூறுகிறது. எண்ணிக்கை பெருகியது பெரிதன்று. அதன் ஐந்தாம் பிரிவு, குறைபாடுடையோர் சமூகத்தின் நடுவே வாழும் உரிமையுடையோர் என்றும், இன்ன இடத்தில், இன்ன ஏற்பாட்டில்தான் வாழவேண்டுமென அவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் சொல்கிறது. பதின்மூன்றாம் பிரிவு, மற்றவரைப் போலவே அவர்க்கும் சட்டத்தின் முன் முழுத் தகுதி உண்டு என்கிறது. அவர்க்குத் துணைபுரிபவர் தம் செல்வாக்கைத் திணிக்கக் கூடாது. அத்துணை தமக்கு ஒவ்வவில்லையெனில் மாற்றவும் கலைக்கவும் அவரே உரியவர். இருபத்து நான்காம் பிரிவோ, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் பிறர்க்குக் கிடைப்பதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இவர்கட்குக் கிடைக்கவேண்டும் என்கிறது. நம் மருமகனுக்கு இவற்றைத் தமிழாக்கிப் படித்துக் காட்டினோம். "இது எந்த மண்டபத்துல குடுக்காங்க மாமா?" என்று கேட்டான்.

துணைபுரிபவர் ஒவ்வவில்லையெனில் என்னும் அச்சொற்றொடரைப் படித்ததும் நமக்கு ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, வீட்டிலேயே தொழுதுகொள்ளத் தமக்குச் சலுகை உண்டா என வினவியதை அறியாதார் நம்மில் இலர். பாங்கோசை கேட்கிறதா என்று நாயகம் வினவ, கேட்கிறது என்றார். சலுகையில்லை என்று மறுமொழி வந்தது. ஜமாஅத்துத் தொழுகையின் சிறப்புக்குச் சான்றாக இதனைப் பிரசங்கங்களில் ஓதுகிறோம். ஆனால் அபூதாவூதில் வரும் அறிவிப்பில் அத்தோழர் தம் நிலையை உரைக்கையில், தமக்கு வழிகாட்டி ஒருவன் இருக்கிறான், ஆயினும் அவன் தமக்கு இணங்கிவரவில்லை என்று முறையிடுகிறார். இச்சிறு தொடரை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். கைபிடித்து நடத்த ஆள் இருக்கிறானே, பிறகென்ன என்று உலகம் கேட்கும். ஆள் இருந்தால் போதாது, இணங்கியவனாக இருக்கவேண்டும் என்று அக்கண்ணிழந்த பெரியார் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். அறிவிப்பாளர்களும் அதனை விட்டுவிடாமல் நமக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எவருக்காகத் திருமறையின் எண்பதாம் அத்தியாயம் அருளப்பெற்றதோ, எவர் மதீனாவில் பாங்கு சொன்னாரோ, நாயகம் வெளியூர் சென்ற காலங்களில் பலமுறை அந்நகருக்குப் பிரதிநிதியாக எவர் நிறுத்தப்பட்டாரோ, அவரே இவர்.

உமையாக்களில் கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி கி.பி. 705 முதல் 715 வரை) பொதுக் கருவூலத்திலிருந்து தொழுநோயாளர்க்கு உதவித்தொகை ஏற்படுத்தி, இனி எவரிடமும் கையேந்தவேண்டாம் என்றார் எனவும், நடக்கவியலாதோர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பணியாளும், பார்வையற்றோர் ஒவ்வொருவர்க்கும் ஒரு வழிகாட்டியும் நியமித்தார் எனவும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலைக் கட்டிய பேரரசர் அவர். பள்ளிவாசலை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். இன்று 'தனிப்பட்ட உதவியாளர்' என்று மேல்நாட்டார் பேசுவதை அன்றே ஓர் அரசு செய்திருக்கிறது. ஆனால் நம் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இல்லை: அவ்வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தவர் கண்ணில்லாதவரா, கருவூலத்து எழுத்தரா? நூல்கள் இதனைச் சொல்லவில்லை. இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அரசாங்கத்தை விட்டு நம் வீட்டுக்குள் வருவோம். உதவித்தொகை வங்கிக்கு வருகிறது என்றோம். வங்கி அட்டை யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது? நாம் அறிந்த இல்லங்களில் பெரும்பாலும் அண்ணனுடையதில் அல்லது வாப்பாவுடையதில். "அவனுக்கு என்ன தெரியும்? நாங்கள்தானே சோறு போடுகிறோம்" என்பர். உண்மைதான், போடுகிறார்கள், அன்போடும் போடுகிறார்கள். அதுவும் பந்திச் சோறுதான் என்பதே நாம் சொல்லவருவது. பெண்ணாயின் கேட்கவே வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தமடைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு நிக்காஹ். மணப்பெண் செவிப்புலனும் பேச்சும் அற்றவள். ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, நார் நாராய்க் கிழித்து, பட்டுப்போலப் பாய் நெய்யும் குடும்பம். அவள் நெய்த பாயைக் கைக்குட்டை போல் மடிக்கலாம் என்று ஊரார் பெருமை பேசுவர். பாளையங்கோட்டையில் ஃப்ளோரன்ஸ் ஸ்வெயின்சன் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1897இல் தொடங்கிய செவித்திறனற்றோர் பள்ளியில் படித்தவள் அவள். சைகைமொழியில் சரளமாகப் பேசுவாள். (அதே பாளையங்கோட்டையில்தான் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். நம்மவர் பிள்ளைகள் பலர்க்கு எழுத்தறிவித்த கடன் அவ்விரு பள்ளிகளுக்கும் உண்டு.) பெண்ணிடம் சம்மதம் பெற்றுவர வக்கீலும் சாட்சிகளும் உள்ளே சென்றனர். நாமும் சாட்சிகளுள் ஒருவர். வாயிலில் நின்ற பெரியவர் ஒருவர், "அவளிடம் என்ன கேட்பது? கன்னியின் மௌனமே சம்மதம் என்று ஹதீஸே இருக்கிறதே" என்றார்.

பேசக் கூடியவள் நாணத்தால் பேசாதிருப்பது மௌனம். பேசவியலாதவளின் வாய் மூடியிருப்பது மௌனமாகுமா? நம் முன்னோர்க்கு இதில் மயக்கம் இருந்ததில்லை. ஊமையர் வழக்கமாகக் காட்டும் சைகை, நாவால் உரைத்த சொல்லுக்கு நிகர் என்பது ஹனபீ சட்ட விதி. உதுமானியப் பேரரசு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுத்த 'மஜல்லா' என்னும் சட்டநூலில் அது எழுபதாம் விதியாகப் பதிந்துள்ளது. சைகையால் விற்கலாம், வாங்கலாம், மணக்கலாம், மறுக்கலாம். நாம் அதனை எடுத்துரைத்தோம். பெண்ணின் இளைய தங்கை வந்தமர்ந்து கைகளால் கேட்டாள். மணப்பெண் உடனே தலையாட்டிவிடவில்லை. விரல்களை விரைவாக அசைத்து ஏதோ திருப்பிக் கேட்டாள். தங்கை சிரித்தபடி நம்மிடம், "மஹர் எவ்வளவுன்னு கேக்கா. அத முதல்ல சொல்லச் சொல்லுதா" என்றாள். தொகையைச் சொன்னோம். ஒரு கணம் எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு பவுன் என்று விரல் காட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் இணங்கினர். அதன்பின்தான் சம்மதச் சைகை வந்தது. வாயிலில் நின்ற பெரியவர் பிறகு விருந்தில் நம்மருகே அமர்ந்து வெகுநேரம் பேசாமல் உண்டார்.

"அவர்கள் கையில் பணத்தையும் முடிவையும் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்களே" என்பது அடுத்த மறுப்பு. இதற்கு இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மறுமொழி வியப்புக்குரியது. ஊதாரி ஒருவன் தன் பொருளை அழிக்கிறான். அவன் கொடுக்கல் வாங்கலை காஜி தடைசெய்யலாமா? இத்தடைக்கு 'ஹஜ்ர்' என்று பெயர். பருவமெய்திய, அறிவு தெளிந்த சுதந்திர மனிதன்மீது அத்தடையை விதிக்கலாகாது என்றார் இமாம். ஏனெனில் பொருள் அழிவது சிறு தீங்கு. ஒருவனுடைய சொல்லைச் செல்லாச் சொல்லாக்குவது அவனுடைய மனிதத் தன்மையையே இல்லாமல் ஆக்குவதாகும், அது பெருந்தீங்கு. சிறியதைத் தடுக்கப் பெரியதைச் செய்யலாகாது என்றார். அவர்தம் மாணாக்கர்களான அபூயூஸுப், முஹம்மத் (ரஹ்) இருவரும் இதில் ஆசானோடு மாறுபட்டனர். பிற்காலத்தார் பத்வாவும் மாணாக்கர் பக்கமே சாய்ந்தது. அதனை மறைத்துப் பேசுதல் அறமன்று. எனினும் துணிவணிகம் செய்து மனிதரைக் கண்டறிந்த ஓர் இமாம், வீணாக்கும் உரிமையும் மனிதனுக்குரியதே என்னும் அளவுக்குச் சென்றிருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டாமா? நாமெல்லாம் பணத்தை வீணாக்கியதே இல்லையா? கல்யாணங்களில் நாம் கொட்டும் பிரியாணிக்கு எந்த அலுவலரின் கையொப்பம் பெற்றோம்?

சொல்லைச் செல்லாச் சொல்லாக்கினால் என்ன நேரும் என்பதற்குத் தொலைவில் தேடவேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்பொழுதில் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த ஒரு தனியார் விடுதியின் கூரை தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். தர்காவின் பரக்கத்தை நாடி, அன்போடு கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் பலர். அவர்களைக் கல்நெஞ்சர் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அங்கே இருக்கச் சம்மதமா என்று அந்த இருபத்தெண்மரில் எவரையேனும் எவரேனும் கேட்டார்களா? உச்ச நீதிமன்றம் தானாகவே அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடைசெய்தது. அறிவு தெளிந்திருக்கும் காலத்திலேயே, பின்னர் நோய் முற்றினால் தனக்கு எவ்விதச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்கும் உரிமையையும் நோயாளிக்கு அது அளித்தது. வஸிய்யத்து எழுதும் சமுதாயமாகிய நமக்கு இது புதிதாகத் தோன்றலாகாது.

நம் பகுதியிலேயே வேறொரு காட்சியும் உண்டு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரையில் நெல்லை மாவட்டத்துக்குட்பட்டிருந்த ஆய்க்குடி என்னும் ஊர். அங்கே பிறந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராயிருந்தபொழுது, 1975 சனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்று, உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழ் அசைவற்றவரானார். இராணுவ மருத்துவமனையில் தம்மைக் கவனித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் பெயரால், ஐக்கிய நாடுகள் ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981இல், 'அமர் சேவா சங்கம்' என்ற அமைப்பைச் சிறுபிள்ளைகள் சிலரை வைத்துத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுடைய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992இல் அவருடன் சேர்ந்தார். 2020ஆம் ஆண்டு இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பள்ளியும் பயிற்சியும் சிகிச்சையும் அங்கே பெருகியது இருக்கட்டும். நம்மைக் கவர்ந்தது வேறு. கையெழுத்திடும் நாற்காலியே சக்கர நாற்காலியாய் இருந்தது. எத்தனை படிகள் இருக்கவேண்டும் என்பதை, படியேற இயலாதவரே முடிவுசெய்யும் இடம் அது.

ஆயினும் எத்துணை நல்ல நிலையமும் நிலையந்தான், இல்லமாகாது. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் இளம்பிள்ளை வாதத்தால் கைகால் முடங்கி, செயற்கைச் சுவாசத்தால் வாழ்ந்த எட் ராபர்ட்ஸ் என்பாரும் அவர்தம் தோழர்களும் 1972இல் ஒரு மையம் தொடங்கினர். தங்குமிடமன்று அது. தத்தம் வீட்டிலிருந்தபடி தம் உதவியாளரைத் தாமே அமர்த்திக்கொள்ள வழிசெய்த இடம். அதன் வழிவந்த எண்ணமே பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டமாயிற்று. உதவியை அரசே வாங்கித் தருவதற்குப் பதில், அதற்குரிய பணத்தை உரியவரிடமே கொடுக்க அது வழிவகுத்தது. ஆஸ்திரேலியா 2013இல் தேசியத் திட்டமாகவே இதனை இயற்றி, ஒவ்வொருவர்க்கும் தனித்தனி நிதி ஒதுக்கிற்று. செலவு மிகுகிறது, இடைத்தரகர் புகுகின்றனர் என்னும் குறைகள் அங்கே எழாமல் இல்லை. பணம் உள்ள இடத்தில் தரகர் வருவது எந்நாட்டுக்கும் பொது. ஆனால் அந்நாடுகள் பந்தியிலிருந்து தம்லீக்குக்கு நகர்ந்திருக்கின்றன என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 'ஊனமுற்றோர்' என்பதை விலக்கி 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கலைஞர் கருணாநிதி அவர்கள் வழங்கினார்கள். 2010இல் அதற்கெனத் தனித்துறையும் கண்டார்கள். அரபியரும் பார்வையற்றவரை 'பஸீர்', அதாவது 'பார்வையுடையவர்' என மங்கலமாகக் குறிப்பதுண்டு. சொல் அழகாக இருப்பது நன்றே. நம் மருமகனுக்கோ இதில் அவ்வளவு ஆர்வமில்லை. "என்னவும் சொல்லிக் கூப்பிடட்டும் மாமா, கூப்பிட்டுட்டு என்ன கேக்காங்கங்கிறதுதான்" என்பான்.

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் ஊராட்சிச் சட்டத்தையும் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தையும் திருத்தி, கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரை எல்லா மன்றங்களிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழிசெய்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் இவர்களுக்கென ஓர் இருக்கை! தேர்தலில் நின்று வெல்வதற்கு நியமனம் ஈடாகாது என்பாரும் உளர். அது சரியே. ஆனாலும் முகாமுக்கு எந்த மண்டபம் என்று முடிவாகும் கூட்டத்தில், படியேற இயலாத ஒருவர் அமர்ந்திருப்பது சிறிய மாற்றமன்று.

அதற்கு விண்ணப்பங்கள் கோரப்பட்டபொழுது நம் மருமகனும் போட்டான். மேலப்பாளையம் உள்ளிட்ட திருநெல்வேலி மாநகராட்சிக்கு. மாநகராட்சிக்குத் தான் சொல்ல விரும்புவன சிலவற்றைத் தனித்தாளில் எழுதி இணைக்கவேண்டுமென்று எண்ணி, நம்மிடம் கொண்டுவந்து காட்டினான். பள்ளிவாசல் ஹவுளின் ஓரம் கைப்பிடி வேண்டுமென்பது வரையில் அதில் இருந்தது. அது மாநகராட்சி வேலையன்று, ஜமாஅத்து வேலை என்றோம். "அப்ப அத ஒங்க கணக்குல வச்சிக்கிடுங்க மாமா" என்று அதனை மட்டும் அடித்தான். எஞ்சியதை நாம் திருத்தி, எதுகை மோனையோடு ஒரு முகவுரையும் சேர்த்து, நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தோம். இரண்டு முறை படித்தான். மடித்து நம் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இது நீங்க எழுதுனது. நான் எழுதுனதே போகட்டும்."

அவன் எழுதியதே போயிற்று.